கை நனைக்காத விருந்து

என் அத்தை சுந்தரம்மாவுக்குத் தம்பி என்று ஒருவன் உயிரோடு இருப்பது திடீரென்று ஞாபகம் வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். என் தங்கை கீர்த்திக்கு அமெரிக்க விசா கிடைத்த மறுநாள்தான் அந்த ஞாபகம் வந்தது என்பதையும் சொன்னேன்.

கீர்த்தி ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அடுத்த மாசம் கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. அவளுக்குத் தாலி கட்டுகிறவன் அவள் கூடவே விமானம் ஏறலாம். பரீட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. எம்.பி.ஏ. முடித்துவிட்டுச் செல்போனைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அத்தை மகன் ஹரிபாபுவுக்கு இதைவிடத் தோதான உத்தியோகம் எங்கே கிடைக்கும்?

அதனால்தான் அந்தத் தம்பிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்குப் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வந்துடு தம்பி. அங்க புதுசா ஒரு ஓட்டல் தெறந்துகீறாங்க. பத்மாவையும் கூட்டிக்கினு வா. நாமெல்லாம் ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டு எத்தினி வருசமாச்சு! கல்யாணப் பேச்செல்லாம் ஒண்ணும் கெடயாது. சும்மா தான்."

சும்மாவாம்! அந்த வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஆள் ஹரிபாபுதான். மற்றபடி அங்கே எதுவும் சும்மா நடக்காது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டால், மனசுக்குப் பிடிக்கும் வரை எதிராளி சோற்றில் கை நனைக்க மாட்டோம். காப்பி குடிக்கலாம், மோர் குடிக்கலாம். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாட்டேன் என்றால் ஊர் காறித் துப்பும். எங்கள் தெருவில் ஒருத்தர், பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வரப் போனவர், பசி தாங்காமல் கறிக்குழம்பு தின்றுவிட்டு வந்துவிட்டார். பெண்ணைக் கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அவர் கறிக்குழம்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அத்தை தன் வீட்டுக்கே கூப்பிட்டிருந்தால் நாங்கள் உஷாராகியிருப்போம். அதனால்தான் ஓட்டல். இது அத்தைக்கு வருகிற யோசனை இல்லை, அவள் புருஷன் வெங்கடரமணன் மாமாவின் மூளை. திருப்பதியில் ஏரிக் கால்வாயைப் பிளாட் போட்டு விற்ற மூளை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து நைனாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒன்றாம் வகுப்பில்கூட இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

"நைனா, சொன்னது ஞாபகம் கீதா?"

"கீது, கீது. துன்னக்கூடாது."

"தண்ணி குடி. காப்பி குடி. தட்டுல மட்டும் கை வெச்சிடாத."

"அது ஓட்டலும்மே. ஓட்டல் சோறு எந்த வூட்டு சோறு? அது எப்டி கணக்குல வரும்?"

"எவன் கூப்டானோ அவன் சோறு. நீ ஒரு வாய் துன்னா கீர்த்தி வாழ்க்க அந்த தண்டச்சோறு கையில போயிடும். புரியுதா?"

"புரியுது" என்றார். புரியவில்லை என்று முகம் சொல்லியது. புதுச் சொக்கா, மழித்த முகம், வேட்டியில் இஸ்திரி மடிப்பு. அக்கா கூப்பிட்டுவிட்டாள் என்றதும் மனுஷன் நாலு நாளாய்த் தரையில் நடக்கவில்லை. புத்தூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டேஷன்ல அந்த சாப்பாட்டு ரூமு உள்ள நான் ஒருவாட்டி கூட ஒக்காந்ததில்லம்மே. பெட்டிய தூக்கிக்கினு கதவு வரிக்கும் போவேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேரர் வாங்கிக்குவான். உள்ள பெரிய பெரிய ஃபேனு சுத்திக்கினு இருக்கும். அந்தக் காத்து மட்டும் கொஞ்சம் வெளிய வரும்."

பாலசமுத்திரத்தில் சொந்தமாய்த் துண்டு நிலம் வாங்குகிற வரைக்கும் நைனா ரேணிகுண்டா ஸ்டேஷனில் போர்ட்டர். சிவப்புச் சொக்கா, கையில் பித்தளை பில்லை. என் சின்ன வயசு முழுக்க அந்தச் சொக்காவின் வியர்வை வாசனைதான்.

நான் மறுபடியும் துன்னக்கூடாது பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரக்கப்பட்டால் காரியம் கெட்டுவிடும். அம்மா போன பிறகு கீர்த்தியை வளர்த்தது நான். அவளுக்குச் சடை பின்னி அனுப்பிவிட்டுத்தான் நான் ரெட்டை ஜடை போட்டுக்கொள்வேன். அவள் மனசு எனக்குத் தெரியாதா? ஹரிபாபு விஷயத்தைப் போனில் சொல்லி, அவன் நடையைப் பற்றியும் கிருதாவைப் பற்றியும் நான் நாலு வார்த்தை போட்டபோது அவள் சிரித்தாள். "நீ பாத்துக்கோக்கா. ஆனா சண்ட மட்டும் போடாத" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும்.

ரேணிகுண்டா ஜங்ஷன் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. திருப்பதிக்கு வண்டி மாறுகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரு தடவையாவது கால் கடுக்க நின்றிருப்பீர்கள். முதல் பிளாட்பாரத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் சாப்பாட்டுக் கூடம் ஒன்று ரொம்ப நாளாய்ப் பூட்டிக் கிடந்தது. எலியும் உடைந்த பெஞ்சும் குடியிருந்தன. இப்போது யாரோ ஒரு கம்பெனிக்காரன் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, ஏசி போட்டு, "ஸ்டீம் ஜங்ஷன்" என்று பேர் வைத்துவிட்டான். வாசலில் இங்கிலீஷில் பலகை. அந்தப் பொன்னான நாட்களுக்குத் திரும்பி வாருங்கள் என்று எழுதியிருந்தது.

யாருடைய பொன்னான நாட்கள்? உள்ளே உட்கார்ந்து தின்றவனுக்குப் பொன். வெளியே நின்று சுமந்தவனுக்கு இடுப்பு வலி.

கதவைத் தள்ளிக்கொண்டு போனால் உள்ளே ஒரே கூத்து. பழைய பெட்டிகளை அடுக்கி வைத்து அதன் மேல் ஊறுகாய் பாட்டில். கூரையில் லாந்தர், அதற்குள் பல்பு. தட்டு தயாரானதும் ஒருத்தன் பச்சைக் கொடி ஆட்டுகிறான். வெளியே நிஜ ரயில் தொண்டை கிழியக் கூவிக்கொண்டு போகிறது, உள்ளே ஸ்பீக்கரில் ஒரு பொய் ரயில் கூவுகிறது. நிஜ ரயில் சத்தம் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி வேறு. அடப்பாவிகளா!

நைனா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. செருப்ப கழட்டணுமான்னு பாத்தேன்."

அவர் பார்த்தது செருப்பை இல்லை. பரிமாறுகிற ஆட்கள் அத்தனை பேரும் சிவப்புச் சொக்கா போட்டிருந்தார்கள். தலையில் சிவப்பு முண்டாசு, கையில் பளபளவென்று பித்தளை பில்லை. போர்ட்டர் வேஷம். அங்கே தின்ன வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

 ஒரு பொங்கல் ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். அத்தை புதுசாய்த் திருப்பதியில் வீடு கட்டியிருந்தாள். தம்பி சீர் கொண்டு போக வேண்டாமா? டியூட்டி முடிந்த கையோடு, சொக்காவைக்கூட மாற்றாமல், தலையில் அரிசி மூட்டை, கையில் கரும்போடு நைனா கிளம்பினார். மஞ்சள் கொத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நான் ஓடினேன். அத்தை கேட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டு அம்மா, "எவரண்டி?" என்று தெலுங்கில் யாரென்று கேட்டாள். அத்தை எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஊருல இருந்து ரயில்ல பார்சல் வந்துகீது. போர்ட்டர் கொண்டாந்து போட்டுட்டு போறான்" என்றாள். நைனா மூட்டையை உள்ளே வைத்துவிட்டு வந்தார். கூலி என்று அத்தை ஏதோ கையில் வைத்தாள். அவரும் சலாம் போட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். மூட்டை சுமையில் அவருக்கு அத்தை சொன்னது காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

"வா தம்பி, வா!" என்று அத்தை எழுந்து வந்தாள். கழுத்து நிறைய நகை, கை நிறைய வளையல், வாய் நிறையப் பாசம். "எளச்சிட்டியே! பத்மா, நைனாவ ஒழுங்கா கவனிக்கிறது இல்லையா?"

"நல்லா தான் கீறாரு அத்த. நீங்க பாத்து ரொம்ப நாளாச்சில்ல, அதான் அப்டி தெரியுது."

அத்தை கேட்காத மாதிரி உட்கார்ந்தாள்.

வெங்கடரமணன் மாமா நாற்காலியில் சாய்ந்து, மேலே பார்த்துக் கையை வீசினார். "பாரு மச்சான், எப்டி கீது? இதெல்லாம் அந்தக் காலத்து ஐட்டம். மரம் கூட பர்மாலருந்து வந்தது. நாங்கெல்லாம் அந்த நாள்ல இங்க வந்து கட்லெட் துன்னுட்டு தான் மெட்ராஸ் வண்டி ஏறுவோம்."

மாமா அந்த நாளில் திருப்பதியில் ஒரு மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் வண்டி என்று ஒன்று இருப்பதே நைனா சொல்லித்தான் தெரியும். பொய்யைக்கூட மனுஷன் ஏசியில் உட்கார்ந்து சொன்னால் எவ்வளவு நன்றாய் இருக்கிறது!

ஹரிபாபு மட்டும் மேஜைக்குக் கீழே செல்போனை வைத்துக்கொண்டு எதையோ அழுத்திக்கொண்டிருந்தான். டிங் என்று ஒரு சத்தம் வரும், படிப்பான், தனக்குள் சிரித்துக்கொள்வான். முப்பது வயசுத் தடியனுக்குப் போனில் விளையாட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்து, அண்ணி முறை வைத்துத் தெலுங்கில் கூப்பிட்டான்.

"வதினா, ஒக்க மாட்ட. உங்ககிட்ட தனியா ஒரு வார்த்த சொல்லணும். கீர்த்தி..."

"கீர்த்தி பேரெல்லாம் எதுக்கு எடுக்குற? இன்னிக்கு கல்யாணப் பேச்சே கெடயாதுன்னு உங்கம்மா சொல்லிகீறாங்க. போய் ஒக்காரு."

போய் உட்கார்ந்துவிட்டான். முதுகெலும்பு என்று ஒன்று இருந்தால்தானே நிற்பதற்கு.

அப்போதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். பார்த்தால் எங்கள் ஊர் நாகபூஷணம் தாத்தா! எங்கள் ஜனத்தில் எந்தக் கல்யாணம் பேசி முடித்தாலும் நடுவில் உட்காருகிற பெரியவர். பாலசமுத்திரத்தை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போகவே ஆட்டோ கேட்கிறவர், ரேணிகுண்டாவில் ஏசியில் உட்கார்ந்து தக்காளி சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா தாத்தா, இவ்ளோ தூரம்?"

"சும்மா தாம்மா" என்றார் அவரும். "டெல்லி வண்டி பாக்கலாம்னு வந்தேன்."

காலடியில் மஞ்சப்பை. பையின் வாயில் வெற்றிலைக் காம்புகள் எட்டிப் பார்த்தன. ஒரு சீப்பு வாழைப்பழமும் தெரிந்தது. டெல்லி வண்டிக்குத் தாம்பூலம் வைத்து வரவேற்கப் போகிறார் போலிருக்கிறது!

புரிந்துவிட்டது. நைனா ஒரு வாய் தின்றதும் தாத்தா எழுந்து வருவார். கை நனைச்சாச்சு, தட்டு மாத்திக்கலாம் என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். கீர்த்தி ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்க, இங்கே அவளுக்குக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். நான் நைனாவின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

பச்சைக் கொடி ஆடியது. சாப்பாடு வந்தது. ரயில்வே மட்டன் கறியாம், பித்தளை வாளியில். சோறு, ரொட்டி, கட்லெட், முட்டைக் குழம்பு. வாசனை மட்டும் நிஜமாகவே நன்றாயிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எனக்கு வேணாம். இன்னிக்கு ஒருபொழுது" என்றேன்.

"ஞாயித்துக்கெழம இன்னா ஒருபொழுது?" என்றாள் அத்தை.

"புதுசா புடிச்சிகீறேன்."

"சரி, நீ இரு. தம்பி சாப்டுவான்." அத்தை எழுந்து, பரிமாறுகிறவன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தானே நைனாவின் தட்டில் சோறு போட்டாள். வாளியைத் துழாவி நல்லி எலும்பைத் தேடி எடுத்து வைத்தாள். "சின்னப்புள்ளயில நல்லிக்கு எங்கூட இன்னா சண்ட போடுவ! எப்பயாச்சும் ஒருவாட்டி கறி. ஒரே ஒரு நல்லி. நீ அழுவ, நான் குடுத்துடுவேன். ஞாபகம் கீதா?"

நைனாவின் கண் கலங்கிவிட்டது. "கீதுக்கா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லி எலும்பை வைத்து ஒரு பெண்ணை வாங்குகிறாள்!

"அத்த, நைனாவுக்கு டாக்டர் கறி வேணாம்னு சொல்லிகீறாரு."

"எந்த டாக்டரும்மே?" என்றார் நைனா. ஐயோ, இந்த மனுஷனோடு ஒரு பொய் சொல்லிப் பிழைக்க முடியுமா?

மாமா சிரித்தார். "பயப்படாத பத்மா. ஸ்பூன்ல துன்னா கையே நனையாது. ஏம் பெத்தாயனா, அப்டி தானே?" என்று பக்கத்து மேஜைப் பெரியவரைக் கேட்டார்.

நாகபூஷணம் தாத்தா சூப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்.

நைனாவுக்கு ஸ்பூன் பிடிக்க வராது. அது மாமாவுக்கும் தெரியும். ஸ்பூனை ஓரமாய் வைத்துவிட்டு, சொக்காக் கையை மடித்துக்கொண்டு சோற்றில் கை வைத்தார். குழம்பை விட்டுப் பிசைந்தார். மேலே ஃபேன் சுற்றியது. அண்ணாந்து அதை ஒரு தடவை பார்த்தார். இருபது வருஷம் கதவுக்கு வெளியே நின்று வாங்கிய காற்று, இப்போது நேராகத் தலை மேல் வருகிறது. நான் மறுபடியும் காலை மிதித்தேன். இந்தத் தடவை அவர் காலை இழுத்துக்கொள்ளவே இல்லை.

"நைனா" என்றேன். "கீர்த்தி."

"ஒரு வாய் தாம்மே" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தாத்தா குனிந்து மஞ்சப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டணார் டணார் என்று மணி அடித்தது.

அந்த ஓட்டலில் இன்னொரு கூத்து உண்டு. மூலையில் ஒரு மேடை. சிவப்புச் சொக்கா மாட்டிக்கொண்டு, முண்டாசு கட்டி, பில்லை வைத்து, தலையில் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். அட்டைப் பெட்டிதான், காற்றில் பறக்கும். ஒருத்தர் மேடை ஏறினால் மணி அடிப்பார்கள், எல்லோரும் கை தட்ட வேண்டும். சாப்பாடு வருவதற்குள் அத்தை ஹரிபாபுவை அங்கே துரத்தியிருந்தாள். கீர்த்திக்குப் படம் அனுப்பணுமாம். அவன் இப்போது சிவப்புச் சொக்காவில், தலையில் பெட்டியோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அத்தை எழுந்து நின்று கை தட்டினாள். "எம் புள்ளைக்கு எந்த வேஷம் போட்டாலும் அழகு தான்! பாரு தம்பி, பாரேன்! அப்டியே ராஜா மாதிரி கீறான்!"

நைனா பார்த்தார். வாய்க்குப் போன கை நடுவழியில் நின்றது.

"அக்கா" என்றார். "இவன் யாரு?"

"இன்னாடா கேக்குற? எம் புள்ள."

"நல்லா பாத்து சொல்லு. செவப்பு சொக்கா போட்டுக்கினு, தலையில சொமையோட கீறானே, இவன் யாரு?"

"ஏண்டா, கண்ணு தெரியலையா? ஹரிடா. எம் புள்ளடா!"

"அன்னிக்கும் இதே சொக்கா தான். தலையில பொங்கலரிசி. எதுத்த வூட்டு அம்மா யாருன்னு கேட்டாங்க. நீ இன்னா சொன்ன?"

அத்தையின் கை தட்டல் நின்றுவிட்டது. மாமா தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை.  கேட்டிருக்கிறது. அன்றைக்கே அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"அதெல்லாம் எப்பயோ நடந்தது தம்பி. அன்னிக்கு சூழ்நில அப்டி. புது வீடு, சுத்தி எல்லாம் பெரிய மனுசங்க..."

"நான் போட்டுக்கினா போர்ட்டர். உம் புள்ள போட்டுக்கினா ராஜா" என்றார் நைனா. குரலை உயர்த்தவே இல்லை. "கூலி குடுத்தியே, அத கூட வாங்கிக்கினேன். வாங்கலன்னா அந்தம்மாவுக்கு சந்தேகம் வந்துடும், நீ அசிங்கப்பட்டுடுவியேன்னு வாங்கிக்கினேங்க்கா."

கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எழுந்தார். விரலெல்லாம் சோறும் குழம்பும் ஒட்டியிருந்தன.

ஹரிபாபு மேடையிலிருந்து இறங்கி வந்தான். முண்டாசை அவிழ்த்துவிட்டான், சொக்கா மட்டும் பொத்தான் மாட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை. "மாமா, சத்தியமா எனக்கு தெரியாது மாமா. ஒக்காருங்க, ப்ளீஸ்" என்றான். முகம் வெளிறிக் கிடந்தது. நடிப்பு என்று நினைத்தேன். அம்மா பெற்ற பிள்ளைதானே.

மாமா சட்டென்று திரும்பினார். "பெத்தாயனா, நீங்களே பாத்தீங்க. சோத்துல கை வெச்சி பெசஞ்சிட்டாரு. கை நனைஞ்சாச்சா இல்லையா?"

நாகபூஷணம் தாத்தா கண்ணாடியை மேலே தள்ளி நைனாவின் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "பெசஞ்சது கணக்குல வராது ரமணா. வாய்க்கு போவணும். போவல" என்றார். மஞ்சப்பையை மறுபடி கீழே வைத்துவிட்டு சூப்பைத் தொடர்ந்தார். ஓசிச் சூப் குடித்தாலும் மனுஷன் நியாயத்தைக் குடித்துவிடவில்லை.

நைனா கதவைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வெயில் முகத்தில் அறைந்தது. அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"பசிக்குதும்மே" என்றார்.

கூடைக்காரனிடம் புளிச்சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். தூணடியில் உட்கார்ந்து பிரித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நானாக ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, ஆனாலும் ஏதோ நானே ஜெயித்த மாதிரி இருந்தது. "நல்லா குடுத்த நைனா! மூஞ்ச பாத்தியா அவங்களுக்கு? செத்தாலும் இனிமே நம்ம பக்கம் வரமாட்டாங்க. கீர்த்தி கேட்டா குதிப்பா பாரு!"

நைனா புளிச்சோற்றில் கடலையைப் பொறுக்கித் தின்றார்.

கதவு திறந்தது. அத்தை தனியாக வந்தாள். பொட்டு கரைந்து, புடவைத் தலைப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் நைனாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப ஆடாத பத்மா. உங்க நைனா கேட்டது நாயந்தான். நான் பண்ணது தப்பு தான், அதுக்கு என்ன செருப்பால கூட அடிக்கட்டும். ஆனா கை நனைக்கலன்னு நீ துள்றியே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். உந்தங்கச்சி எங்க வூட்ல துன்னுட்டு தான் போயிகீறா. என் கையால போட்டேன், ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கி துன்னா. விசாவுக்கு முன்னாடியே. போய் அவளையே கேளு."

சாப்பிடு சாப்பிடு என்று இத்தனை நேரம் நாகரிகம் பேசிய வாயில் முதல் தடவையாக எங்கள் வீட்டுத் துன்னு வந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது. பொய் சொல்லும்போது அத்தை இப்படிப் பேச மாட்டாள்.

"பொய்யி" என்றேன் நான்.

"போன் போடு" என்றாள் அத்தை.

போட்டேன். நம்பர் இரண்டு தடவை தப்பாய்ப் போனது. மணி அடித்தது. கீர்த்தி எடுத்தாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், தட்டு டம்ளர் சத்தம், அவளும் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் போல.

"கீர்த்தி, ஒண்ணு கேப்பேன். உண்மைய சொல்லு. திருப்பதியில அத்த வூட்டுக்கு போனியா? அங்க சாப்டியா?"

 அந்தப் பக்கத்துச் சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது. எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "ஹரி சொல்லிட்டானா?"

ஹரி. எங்கள் வீட்டில் அந்தப் பேரை நாங்கள் எப்போதும் கிண்டலாக முழுசாய்த்தான் சொல்வோம். போனைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஓட்டலின் ரெட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் ஹரிபாபு சிவப்புச் சொக்காவோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நைனா பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கினார். மீசையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மே, கொழந்த இன்னா சொல்லுது? சந்தோசமா?" என்றார்.